பொம்மையின் முதுகுக்குள் ஒரு கையெழுத்து

'ஒரு பொம்மைச் சிறுவன் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதும் வீடியோ பார்த்தேன். 250 வருடம் பழசாம். கிராபிக்ஸா?' என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர்.

கிராபிக்ஸ் இல்லை. அந்தச் சிறுவன் சுவிட்சர்லாந்தில், நியூஷாட்டெல் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறான். கடிகாரத் தயாரிப்பாளர் பியர் ஜாக்கே-ட்ரோவும் அவர் மகன் ஆன்றி-லூயியும் லெஷோ என்பவரும் சேர்ந்து 1774இல் மூன்று பொம்மைகளை மக்கள் முன் வைத்தார்கள்: எழுதுகிறவன், படம் வரைகிறவன், இசை வாசிக்கிறவள். எழுதுகிறவன் 70 செ.மீ. உயரம்தான், உள்ளே சுமார் 6,000 பாகங்கள். சாவி கொடுத்தால் முறுகும் சுருள்வில், பல்சக்கரங்கள் எல்லாம் பழைய சுவர்க்கடிகாரத்தில் இருப்பவைதான். விஷயமே கேம் (cam) என்ற உலோகத் துண்டில் இருக்கிறது.

பைக் மெக்கானிக்கைக் கேட்டால் கேம் ஷாஃப்டைக் கையிலேயே எடுத்துக் காட்டுவார். அந்தத் தண்டில் இருக்கும் கேம், முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் மேடு தட்டிய உலோகத் துண்டு. அது சுழலும்போது விளிம்பைத் தொட்டு நிற்கும் நெம்புகோல் மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். எஞ்சினுக்கு ஒரு மேடு போதும். வால்வு திறந்து மூடிவிடும். சிறுவனின் கேம்களிலோ விளிம்பைச் சுற்றி மேடும் பள்ளமுமாக அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

ஓர் எழுத்துக்கு மூன்று கேம்கள். ஒன்று கையை இடம் வலமாக நகர்த்தும். இன்னொன்று முன்னும் பின்னும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வளைவு கிடைத்துவிடும். பள்ளிக்கூட வரைபடத் தாளின் x, y அச்சுகள்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. பேனாவைத் தூக்குவதும் தாளில் அழுத்துவதும் அதன் பொறுப்பு. எங்கே கோடு தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது அந்த விளிம்பில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய கையெழுத்தின் அழுத்தம் அப்படியே உலோகமாகக் கிடக்கிறது!

சரி, அடுத்த எழுத்து எது என்று யார் சொல்வது? கீழே ஒரு சக்கரம், அதன் விளிம்பில் 40 முளைகள். ஓர் எழுத்து முடிந்ததும் சக்கரம் ஒரு படி நகரும். புதிய முளையின் உயரத்துக்கு ஏற்ப மொத்தக் கேம் அடுக்கும் ஏறியோ இறங்கியோ, வேண்டிய மூன்று கேம்களை நெம்புகோல்களுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். அடுக்கு நகரும் நேரத்தில் நெம்புகோல்கள் சற்று விலகிக்கொள்ளும், இல்லாவிட்டால் விளிம்பில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஒரு சுற்று, ஓர் எழுத்து. முளைகளை மாற்றினால் வாசகமே மாறிவிடும். கணினியின் தாத்தா என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. கணக்குப் போடாத, முடிவெடுக்காத ஒன்றை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றக்கூடிய நினைவகம் என்ற அளவில் சம்மதம்.

எழுத மட்டும் தெரிந்திருந்தால் இது ஓர் இயந்திரம், அவ்வளவுதான். மையில் தொட்டதும் இவன் பேனாவை உதறுகிறான். எழுதும் இடத்தைக் கண்கள் பின்தொடர்கின்றன. படம் வரைகிறவன் பென்சில் தூசியை ஊதிவிடுகிறான், உள்ளே ஒரு குட்டித் துருத்தி. வாசிக்கிறவளின் விரல்கள் நிஜமாகவே கட்டைகளை அழுத்துகின்றன, மார்பு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது. கண்ணசைவும் மூச்சும் இல்லாமலே எழுத்தும் இசையும் வந்திருக்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு உயிர் தெரிவது அவற்றில்தான். இத்தனை மெனக்கெட்டதற்கு ஒரு காரணம் கடிகார வியாபாரத்துக்கு விளம்பரம் தேடுவது. இன்றைக்கு ஓர் ஆய்வுக்கு நிதி கேட்டுப் போனால் 'இதனால் என்ன பயன்?' என்ற கேள்வியிலேயே கண்ணசைவு வெட்டுப்பட்டிருக்கும்.

1995இல் பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக நாடே வரிசையில் நின்றது. பரப்பு இழுவிசையும், நுண்ணிய இடுக்குகளில் திரவம் தானாக ஏறும் நுண்புழை ஏற்றமும்தான் காரணம் என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். கேட்டுக்கொள்ளத்தான் ஆள் குறைவு. இந்தச் சிறுவனின் முதுகிலோ கதவு இருக்கிறது, திறந்தே காட்டுகிறார்கள். உள்ளே பார்த்த பிறகு எனக்கு ஆச்சரியம் கூடத்தான் செய்தது.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் மூன்றையும் இயக்கிக் காட்டுவது அங்கே வழக்கம். இடம் கிடைத்தால் முதுகுப் பக்கமாக நில்லுங்கள்.