நொதி: என்சைமுக்கான தமிழ்ச்சொல்

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் அம்மா ஒரு துண்டு பச்சைப் பப்பாளியைத் துருவி, இறைச்சியோடு பிசறி, சற்று நேரம் மூடி வைத்துவிடுவார். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளில் பலருக்கும் தெரிந்த கைமுறைதான். பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் உயிர்வேதியியல் வகுப்பில் 'பாப்பேன்' வந்தபோதுதான், அந்தப் பப்பாளிப் பாலில் புரதத்தை வெட்டும் ஓர் என்சைம், அதாவது உயிரினங்களில் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள், இருப்பது எனக்குப் புரிந்தது.

இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் 'என்சிம்' என்று படித்தோம். தமிழில் நொதி. இலங்கைப் பாடநூல்களில் நொதியம்.

என்சைம் என்பது ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1870களில் உருவாக்கிய சொல். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'சைமே' என்றால் மாவைப் புளிக்கவைக்கும் பொருள். தமிழ்ச்சொல்லும் நொதித்தல் என்ற வினையிலிருந்தே வருகிறது, அதாவது தோசை மாவு பொங்குவது, கள் நுரைப்பது. இரண்டு மொழியும் ஒரே காட்சியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன, அதனால்தான் இந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் நொதித்தலையும் நொதியையும் குழப்பக்கூடாது. மாவில் நொதித்தலைச் செய்பவை நுண்ணுயிர்கள். நொதி அவற்றுக்குள் வேலை செய்யும் பொருள். 1897-இல் ஜெர்மானிய வேதியியலாளர் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார், உயிருள்ள செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்கவைத்தது, அதற்காகத்தான் 1907-இல் அவருக்கு நோபல் பரிசு. அப்புறம், நொதியை வினையூக்கி என்றும் எழுதுகிறார்கள். அது வேதிவினையை வேகப்படுத்தும் எந்தப் பொருளுக்கும் உள்ள பொதுச்சொல், பிளாட்டினமும் வினையூக்கிதான், ஆனால் நொதி இல்லை. 'செரிமான நீர்' என்பது தப்பு: எச்சில் ஒரு நீர், அதிலுள்ள அமிலேஸ்தான் நொதி.

அமிலேஸ், லைப்பேஸ் போன்ற தனிப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். அந்த 'ஏஸ்' விகுதி 1833-இல் முளைகட்டிய பார்லியில் கண்டுபிடித்த டயஸ்டேஸிலிருந்து வந்தது. பாப்பேன், பெப்சின் எல்லாம் அந்த வரிசையில் சேராத பெயர்கள்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம், "பப்பாளிப் பால்ல நொதி இருக்கும்மா" என்றேன். "நொதின்னா மாவு பொங்குற மாதிரியா?" என்று கேட்டார். மாவைப் பொங்கவைப்பதும் நுண்ணுயிர்களுக்குள் இருக்கும் நொதிதான், இறைச்சியை இளக்குவது வேறொரு நொதி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, துருவிய பப்பாளியை என்னிடமே கொடுத்து இறைச்சியில் பிசறச் சொன்னார்.