செல்ஃப் சரியாக எடுக்கவில்லையா? உடனே பேட்டரி வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் புல்வெட்டும் வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர்கள்தான் அதிகம் வரும். அவற்றில் அடிக்கடி கேட்கும் புகார், "அண்ணே, செல்ஃப் சரியா எடுக்கல, மெதுவா சுத்துது." அதோடு இன்னொன்றும் சொல்வார்கள்: "பேட்டரிகூட புதுசுதான் போட்டோம்." இதைக் கேட்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். தேவையில்லாமல் காசு போயிருக்கிறது. கோளாறு அப்படியே இருப்பதால் அந்தப் புது பேட்டரியும் சீக்கிரம் வீணாகும். நடுவில் வண்டி நின்றதற்கு ஓட்டிய தம்பி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருப்பார். சாதாரண மல்டிமீட்டரும் பிளக் கழற்றும் ஸ்பானரும் கையில் இருந்தால், கோளாறு கரண்ட் பக்கமா இன்ஜின் பக்கமா என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதிலிருந்து விடும் வரை ஒரே சீராக, சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. அரைச் சுற்று நன்றாகப் போய், ஒரு இடத்தில் முட்டி நின்று, திணறித் தாண்டி, மறுபடி அதே இடத்தில் முட்டினால் இன்ஜின்தான் பிடிக்கிறது. வெறும் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்) வரை கரண்ட் வருகிறது, அதைத் தாண்டிப் போதுமான அளவு போகவில்லை.

அடுத்து மீட்டர். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே பார்க்காதீர்கள், வோல்ட் ஏற்றிக் காட்டும். சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். அந்த நிலையில் வேறு எந்தச் சோதனையும் செய்து பயனில்லை, முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள்.

இந்த வண்டிகளோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குளிரில் எண்ணெய் கெட்டியாகும், செல்ஃப் மெதுவாகும் என்று அவற்றில் இருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் வெயில் இருக்கிறது. பகலில் 31 முதல் 33 டிகிரி, அதற்கு மேல் இன்ஜின் சூடு. ஈயப் பேட்டரி சூட்டில் வேகமாக மூப்படையும். தட்டுகள் அரிக்கும், தண்ணீர் வற்றும், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். டிசம்பர், ஜனவரி அடைமழையில் வண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டு, பிறகு ஒரு காலையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும்போது என் போன் ஓயாமல் அடிப்பது இதனால்தான்.

சார்ஜ் சரி என்று தெரிந்த பிறகுதான் முக்கியமான சோதனை. பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் உடம்பில் எர்த் செய்யுங்கள், ஸ்டார்ட் ஆகிவிடக்கூடாது. பிளேடு சுவிட்ச் ஆஃப், பிரேக் அழுத்தியபடி ஒருவர் சீட்டில். அவர் சாவியைத் திருப்பும்போது நீங்கள் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு நடப்பது இங்கேதான். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் வோல்ட் இறங்கும், இன்ஜின் இறுகிப் பிடித்து செல்ஃப் அதிகக் கரண்ட் இழுத்தாலும் வோல்ட் இறங்கும். மீட்டர் காட்டும் எண் ஒன்றுதான், காரணம் இரண்டு. மாறாக வோல்ட் 11-க்கு மேலேயே நின்று, செல்ஃப் மட்டும் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி மேல் பழி போடவே வேண்டாம். வழியில் எங்கோ கரண்ட் தடைப்படுகிறது, அல்லது செல்ஃப் மோட்டாரின் உள்ளேயே கோளாறு.

அந்த 'எங்கோ' பெரும்பாலும் பேட்டரி நெகட்டிவ்விலிருந்து வரும் எர்த் கேபிளை வண்டியின் சட்டத்தில் (சேஸியில்) முடுக்கியிருக்கும் போல்ட்டாக இருக்கும். மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் பழுப்பாகத் துரு படிந்திருக்கும், சுற்றிலும் பெயின்ட் உப்பியிருக்கும். இங்கே வேலை முடிந்ததும் வண்டியைப் பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவி, ஈரத்தோடு மூடி வைத்துவிடுகிறோம். காற்றிலும் எப்போதும் ஈரம். அந்த இடுக்கில் தண்ணீர் காய்வதே இல்லை. கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையை இன்ஜின் உடம்பில் சுத்தமான உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே, பேட்டரியிலிருந்து சொலினாய்டு வரை, சொலினாய்டின் இரண்டு முனைகளுக்கு நடுவில், அங்கிருந்து செல்ஃப் மோட்டார் வரை என்று ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். அதிகம் காட்டும் துண்டைக் கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். புது பேட்டரியின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. எல்லாத் துண்டும் சுத்தம், பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ் (உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) தேய்ந்திருக்கிறதா, புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) ஆடுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

இப்போது இன்ஜின் பக்கம். பிளக்கைக் கழற்றுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டையும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும் என்பதால் பிளக் வயரை எர்த் செய்து ஓட்டைக்குத் தள்ளியே வையுங்கள், யாரும் பக்கத்தில் சிகரெட் பிடிக்கக்கூடாது. இப்போது செல்ஃப் அடித்தால் இன்ஜின் சரசரவென்று சுற்றுகிறதா? அப்படியென்றால் பேட்டரி, கேபிள், செல்ஃப் எல்லாம் ஏறக்குறைய நல்ல நிலைதான். இன்ஜினின் கம்ப்ரஷனைத்தான், அதாவது சிலிண்டருக்குள் காற்று நசுங்கும்போது வரும் எதிர்ப்பைத்தான், அவற்றால் தாண்ட முடியவில்லை.

நல்ல நிலையில் இருக்கும்போது மட்டும் எப்படித் தாண்டியது? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடித்தால் எவ்வளவு கடினம், விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் எவ்வளவு சுலபம்! இன்ஜினில் அந்த விரலைத் தளர்த்துவதற்கென்றே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் மட்டும் அது ஒரு வால்வை மயிரிழை அளவுக்குத் தூக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விடும். இன்ஜின் வேகம் எடுத்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அது தூக்கும் அளவு அவ்வளவு சின்னது என்பதால், டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி) கூடிவிட்டால் அந்த இடைவெளியே அதை விழுங்கிவிடும். வால்வு தூக்காது, காற்று வெளியே போகாது, செல்ஃப் முட்டி நிற்கும்.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஒற்றை சிலிண்டர் மேல்வால்வு இன்ஜின்கள் பலவற்றில் இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வின் கிளியரன்ஸ் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கு 0.13 முதல் 0.18. உங்கள் மாடலுக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டிச் சுமார் 6 மில்லிமீட்டர் கீழே இறங்கிய நிலையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். சரியாக உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தத் தளர்த்தும் ஏற்பாடு குறுக்கே வந்து அளவு பிசகிவிடும். செட் செய்து, லாக்கை இறுக்கி, இன்னொரு தடவை அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும். கோலர் கமாண்ட் வகை இன்ஜின்கள் பலவற்றில் ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் பாகம்) இருப்பதால் இந்த செட்டிங் கிடையாது. கிளியரன்ஸ் சரியாக இருந்தும் முட்டினால் கேம்ஷாஃப்டில் உள்ள ஏற்பாடே உடைந்திருக்கலாம். அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை வால்வு பார் என்று கையேட்டில் போட்டிருக்கிறதே என்பார்கள். அது வாரம் ஒரு நாள் தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டுபவருக்கு எழுதியது. இங்கே புல் வருடம் முழுக்க வளர்கிறது. தினம் 5 மணி நேரம், வாரம் 5 நாள் ஓடும் வண்டி 4 வாரத்தில் 100 மணி நேரம் தொட்டுவிடும். தேதியை விட்டுவிட்டு மணிக் கணக்கைப் பாருங்கள்.

எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்து பார்ப்பதும் அவசியம். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டர் ஊசி கசிந்து பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் இன்ஜின் போய்விடும். ஊசியை மாற்றி, எண்ணெயையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்று, லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும் முன் அது 12 வோல்ட்தானா என்று பாருங்கள். பெரிய லாரிகள் பல 24 வோல்ட். மோவரின் வயரிங்கும் செல்ஃபும் அதைத் தாங்காது, பேட்டரி வெடிக்கவும் கூடும். இரண்டு, ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். சீட், பிரேக், பிளேடு சுவிட்சுகள் எல்லாவற்றையும் அது தாண்டிப் போகிறது. பக்கத்தில் நிற்பவர் மேல் வண்டி பாய்ந்துவிடும். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும், இதை மட்டும் முடியாது என்று சொல்லுங்கள், தம்பி.

எல்லாம் சரிசெய்து வண்டி ஓடத் தொடங்கியதும், முழு திராட்டிலில் பேட்டரி முனைகளில் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12-ஐச் சுற்றியே நின்றால் ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கும் சுருள்) அல்லது ரெகுலேட்டர் (அந்தக் கரண்டைச் சீராக்கும் பாகம்) போயிருக்கிறது, நாளைக்கே மறுபடி செல்ஃப் எடுக்காது.

மெக்கானிக்கை அழைக்கும்போது "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, பிளக் கழற்றினால் வேகமாகச் சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். இன்ஜின் மாடல் எண்ணையும் மணி மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஃபீலர் கேஜ் எடுத்து வருவதா, எர்த் கேபிள் எடுத்து வருவதா என்று கிளம்பும்போதே தெரிந்துவிடும். சுங்கை காடுட்டிலிருந்து பொங்கோலுக்கு இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.