பெட்டிக் கட்டிலைத் தூக்கும் நைட்ரஜன்

ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளமுள்ள குயின் சைஸ் கட்டில் தரையில் 32.5 சதுர அடியைப் பிடித்துக்கொள்கிறது. அறை பத்துக்குப் பத்து என்றால் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆனால் கட்டிலின் அடியில் பத்து அங்குல ஆழத்துக்குப் பெட்டி அடித்தால் ஏறத்தாழ 27 கன அடி கிடைக்கும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள இரும்பு பீரோவின் கொள்ளளவு 29 கன அடி. கூடுதலாக ஓர் அடி தரையும் எடுக்காமல் கிட்டத்தட்ட ஒரு பீரோ வந்துவிடுகிறது. பக்கவாட்டில் இழுப்பறை வைப்பதென்றால் அதை வெளியே இழுக்க இரண்டடி காலி இடம் வேண்டும். சின்ன அறையில் அது ஏது? மேலே திறக்கிற பெட்டிதான் சரி.

சிக்கல் எடையில் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை 24 கிலோ, மெத்தை 28 கிலோ, இரும்புச் சட்டம் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் 55 கிலோ. இதை ஒரே ஆள் தூக்குவதற்காகத்தான் கடையில் 'ஹைட்ராலிக் பம்ப்' என்று இரண்டு கறுப்புக் குழாய்களைத் தருகிறார்கள். அந்தப் பெயர் தவறு. ஹைட்ராலிக் என்றால் திரவ அழுத்தம். இங்கே தூக்குவது குழாய்க்குள் அடைத்த நைட்ரஜன் வாயு. எண்ணெயும் கொஞ்சம் உண்டு. குழாயிலிருந்து நீளும் தண்டைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் சீல் காயாமல் பார்த்துக்கொள்வதும், தண்டு நீண்டு முடிகிற இடத்தில் வேகத்தைத் தணிப்பதும்தான் அதன் வேலை.

குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனில் சின்னத் துளை உண்டு. அதனால் பிஸ்டனின் இரு பக்கமும் வாயு அழுத்தம் ஒன்றேதான். அப்படியானால் தண்டை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு முகம் முழுசாக வாயுவைத் தொடுகிறது. மறு முகத்தில் தண்டின் தடிமன் அளவுக்கு இடம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் விசை. தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் அதன் குறுக்குப் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். குழாயில் '1000 என்' என்று அச்சிட்டிருந்தால் 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடையைத் தாங்கும் விசை. அதற்கு உள்ளே ஏறத்தாழ 1850 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் அடிப்பது 32, 33 பிஎஸ்ஐ.

விசை மட்டும் போதாது, அது கீலிலிருந்து எவ்வளவு தள்ளி வேலை செய்கிறது என்பதே முக்கியம். கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல் கட்டுவதும் இதே கணக்குதான். 55 கிலோ மூடியின் எடை மையம் கீலிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால், கீழே இழுக்கும் திருப்புவிசை (விசையைத் தூரத்தால் பெருக்கியது) 485 நியூட்டன் மீட்டர். மூடியிருக்கும்போது வாயு இறுகி ஒவ்வொரு பம்ப்பும் 1300 நியூட்டன் வரை தள்ளும். ஆனால் அந்த விசைக்கோடு கீலிலிருந்து 12 சென்டிமீட்டரே விலகியிருப்பதால், இரண்டும் சேர்ந்து தருவது 312. மீதி 173-ஐ நம் கை தரவேண்டும். கால்மாட்டுப் பக்கம், கீலிலிருந்து 1.8 மீட்டரில் பிடித்துத் தூக்கினால் 10 கிலோ பாரம்தான். 40 டிகிரிக்கு உயர்ந்ததும் எடையின் பங்கு 371-ஆகக் குறைகிறது, தண்டு நீண்டு பம்ப்பின் விசை சற்றுக் குறைந்தாலும், விசைக்கோடு கீலிலிருந்து 19 சென்டிமீட்டர் விலகுவதால் பம்ப்பின் பங்கு 437 ஆகிறது. அதன்பின் மூடி தானே மேலே போய் நிற்கும். மூடிய நிலையில் எடைக்கும் திறந்த நிலையில் வாயுவுக்கும் வெற்றி கிடைப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

இந்தச் சமநிலையைக் கெடுப்பது பெரும்பாலும் மெத்தை. மேற்சொன்ன கட்டிலில் நான்கு அங்குல ஃபோம் மெத்தையைப் போட்டுப் பாருங்கள். அது 10 கிலோதான் இருக்கும். மூடியின் மொத்தம் 37 கிலோ, திருப்புவிசை 326. பம்ப்பின் 312-க்கு மேல் இம்மியளவுதான். வாயு வெப்பத்தில் இறுகும். பம்ப்பின் விசை 20 டிகிரி செல்சியசில் அளக்கப்பட்டது. 38 டிகிரியில் அது ஆறு சதவீதம் கூடி 312 என்பது 331 ஆகிவிடும். மே மாத மதியத்தில், ஆள் படுக்காத கட்டிலின் மூடி தானாக விரல் அளவு எழுந்து நிற்கும். ஊட்டியின் 5 டிகிரிக் காலையில் அதே பம்ப் ஐந்து சதவீதம் தளர்ந்திருக்கும். ஆகவே மெத்தையை எடைபோட்ட பிறகே பம்ப் வாங்குங்கள். தூங்குபவரின் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதைத் தாங்குவது பெட்டியின் ஓரங்களும் நடுத்தடுப்பும்தான். நடுத்தடுப்பு இல்லாவிட்டால் ஐந்தடி அகலப் பலகை சீக்கிரமே தொய்ந்துவிடும்.

பொருத்தும்போது வரிசை தவறக்கூடாது. முதலில் கீல் சட்டங்களை மட்டும் மாட்டி, மூடி நான்கு ஓரத்திலும் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு மூடியைத் தூக்கி, கட்டையால் முட்டுக்கொடுத்து, பம்ப்பை நீண்ட நிலையிலேயே மாட்டவேண்டும். மாட்டியபின் மெத்தை இல்லாமல் மூட முயன்றால் மூடாது. பலம் போட்டு அழுத்தினால் சட்டம் வளையும். கூடியவரை தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் எண்ணெய் சீல் பக்கம் நிற்கும். தூள்பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) மரத் திருகு போட்டால் சில மாதங்களில் பிடுங்கிக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் துளையிட்டு, போல்ட், வாஷர், நட் போட்டு முடுக்கவேண்டும்.

கொசுவலைச் சட்டம், தாழ்வான பரண், மின்விசிறி மூன்றையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். 60 டிகிரிக்குத் திறந்தால் கால்மாட்டு விளிம்பு ஏழடி உயரத்துக்குப் போகும். பெட்டியின் பக்கப் பலகையில் ஓர் அங்குலத் துளைகள் ஐந்தாறு கட்டாயம் வேண்டும். கடலோர ஊர்களின் ஈரத்தில் அடைத்துவைத்த துணி பூசணம் பிடிக்கும். அதைவிடப் பெரிய காரணம், குழந்தை உள்ளே போய் மூடிக்கொண்டால் மூச்சுவிடக் காற்று வேண்டும்.

சுவரோடு மடிகிற கட்டிலிலும் இதே சமநிலைதான். சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய சாரா குட் 1885-இல் காப்புரிமை பெற்ற மடிப்புக் கட்டில், மேசையாக மாறக்கூடியது. எளிதாகத் தூக்குவதற்காகவே அதில் எடையை ஈடுகட்டியிருந்தார். ஆனால் சுவர்க் கட்டில் முன்பக்கம் சாயப் பார்க்கும். சுவரில் ஆங்கர் போல்ட் பிடிமானம் உறுதியாக இல்லையென்றால் அதை வைக்கவே கூடாது.

திறந்த மூடி மெல்ல இறங்கத் தொடங்கினால் வாயு கசிகிறது என்று பொருள். தண்டில் விழுந்த கீறலோ, அதன்மேல் தெறித்த பெயின்ட்டோ சீலைக் கிழித்திருக்கும். இரண்டு பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணிக்கொள்ளும். கழற்றிய பம்ப்பை அறுக்கவோ துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது. கட்டிலைத் தூக்க முடியாமல் போனாலும் உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் டயரைப்போல் பல மடங்கு.