“மோஷன் எப்படிம்மா போகுது?” – கர்ப்பகால மலச்சிக்கல்

இருபத்து நான்காவது வாரப் பரிசோதனைக்கு வந்திருந்தார் அந்தப் பெண். முதல் முறை பார்த்தபோது 10.8 இருந்த ஹீமோகுளோபின் 9.1-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் அளவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் இது கொஞ்சம் இல்லை.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“போடுறேன் டாக்டர்.” சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். “சரி, மோஷன் எப்படிம்மா போகுது?”

அவ்வளவுதான், அழுதுவிட்டார். போய் நான்கு நாளாகிறது. போனாலும் கல் மாதிரி. இரும்புச்சத்து மாத்திரையால்தான் இப்படி என்று தோன்றியதால் மூன்று வாரமாக அதைத் தொடவே இல்லை. கைப்பையில் இருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்தில் இரண்டு குழிகள்தான் காலி.

முதுகுவலியைச் சொல்வார்கள், வாந்தியைச் சொல்வார்கள், இதை மட்டும் யாரும் தானாகச் சொல்வதில்லை. கேட்டால்தான் வரும். நாங்களும் ஸ்கேன், பிரஷர், எடை என்று பார்த்துவிட்டு, பல நேரம் கேட்காமலேயே அனுப்பிவிடுகிறோம். அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, முக்கினால்தான் வருவது, போன பிறகும் மீதி இருப்பது போல உணர்வது எல்லாமே மலச்சிக்கல்தான். தினமும் போயே ஆகவேண்டும் என்றில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிரமமில்லாமல் போனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன் புரோஜெஸ்ட்டிரோன். கர்ப்பப்பை சுருங்காமல் இருக்கத் தசைகளைத் தளர்த்துவது அதன் வேலை. குடலும் அதே வகைத் தசையால் ஆனது என்பதால் அதுவும் சேர்ந்து தளர்ந்து மந்தமாகிவிடுகிறது. கழிவு எவ்வளவு நேரம் பெருங்குடலில் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். முதல் மூன்று மாதத்தில் வாந்திக்குப் பயந்து தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்துவிடுகிறார்கள். கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பையே மலக்குடலை அழுத்துகிறது. இதற்கு நடுவில் இரும்புச்சத்து மாத்திரை வேறு. அதிலுள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் குடலில் தங்கி மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு நிறம் இயல்பானதுதான்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தசோகையோடு பிரசவ மேசைக்குப் போகும் பெண்ணுக்குச் சாதாரண ரத்தப்போக்குகூட ஆபத்தாகிவிடும். எங்களிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு வகை இரும்புச்சத்துக்கு மாற்றலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தரலாம். எதுவுமே ஒத்துவராவிட்டால், முதல் மூன்று மாதம் தாண்டிய பிறகு நரம்பு வழியாக ஏற்றவும் வழி உண்டு. அந்தப் பெண்ணுக்கு மாத்திரை வகையை மாற்றி, கூடவே மலத்தை இளக்கும் மருந்தும் எழுதினேன். அதுவே போதுமானதாக இருந்தது.

“முக்கினா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?” என்பது அவர் அடுத்துக் கேட்டது. பலர் கேட்காமலேயே மனதில் வைத்துக்கொண்டிருக்கும் பயம் இது. பயந்துகொண்டு அடக்குவார்கள். அடக்க அடக்க இன்னும் இறுகும். சாதாரணக் கர்ப்பத்தில் முக்குவதால் கரு கலையாது. கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறது, மலம் போகும் பாதையே வேறு. முக்குவதால் பாதிக்கப்படுவது நீங்கள்தான்: மூலம், ஆசனவாய் வெடிப்பு, இடுப்புத்தளத் தசைத் தளர்ச்சி. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொல்வதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். முழுத் தானியம், பயறு வகை, காய்கறி, தோலோடு சாப்பிடக்கூடிய பழம் எல்லாம் இதில் வரும். ஆனால் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிப் பாடாய்ப்படுத்தும். ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் 8 முதல் 10 டம்ளர். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். “எல்லாம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கலை” என்பவர்களிடம் நான் முதலில் எண்ணச் சொல்வது டம்ளர்களைத்தான். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லாதவரை தினம் அரை மணி நேரம் நடங்கள்.

வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இது பலமாக இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்து, முன்பக்கம் லேசாகச் சாயுங்கள். மலக்குடலைக் கயிறு போல வளைத்துப் பிடித்திருக்கும் தசை அப்போதுதான் தளர்ந்து வழிவிடும். மூச்சைப் பிடித்து முக்காமல், வாய் வழியாக மெதுவாக விடுங்கள். பத்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போனால் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் மருந்து உண்டு, பயப்பட வேண்டாம். இசப்கோல், லாக்டுலோஸ் போன்றவை ரத்தத்தில் பெரிதாகக் கலக்காமல் குடலுக்குள்ளேயே வேலை செய்பவை. பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். முதல் நாளே பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். குடலைத் தூண்டும் மாத்திரைகள் மருத்துவர் சொன்னால் மட்டும், அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான். விளக்கெண்ணெய் கூடவே கூடாது, அது கர்ப்பப்பையையும் தூண்டிவிடக்கூடும்.

மலத்தோடு ரத்தம் வந்தால் “மூலமாத்தான் இருக்கும்” என்று நீங்களே முடிவு செய்யாமல் காட்டுங்கள். மலம் தார் போலப் பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் அது மாத்திரையின் கறுப்பு அல்ல. கடுமையான வயிற்றுவலியோடு வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, நீர் கசிவது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 37 வாரத்துக்கு முன்னால் வரும் பிரசவ வலியைச் சிலர் மலச்சிக்கல் வலி என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் இந்தப் பயம் ஒருமுறை தலைகாட்டும். தையல் பிரிந்துவிடுமோ என்று முதல் மோஷனை நாள்கணக்கில் அடக்குவார்கள். பிரியாது. சுத்தமான பேடு ஒன்றைத் தையல்மேல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு போங்கள், பாதி பயம் போய்விடும்.