வாஷிங் மெஷினில் தண்ணீர் எங்கே வீணாகிறது?

"இந்த மெஷின் ரொம்பத் தண்ணி குடிக்குது, வேற வாங்கிடலாமா?" சர்வீஸுக்குப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் மாற்றவே தேவையிருக்காது. கோளாறு தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஹோஸில் இருக்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன டியூபில், அதுவும் இல்லையென்றால் நாம் போடும் சோப்பில்.

மெஷினின் வகைக்கும் இதில் பங்கு உண்டு. டாப் லோடில் துணி தண்ணீரில் மூழ்கிச் சுழல வேண்டும். முழு லோடு துவைத்து அலசி முடிக்க 100 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஃப்ரண்ட் லோடில் டிரம் துணியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே போதும், பெரும்பாலும் 40 முதல் 60 லிட்டரில் வேலை முடிந்துவிடும். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு "தண்ணியே ஏறலையே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, அந்த மெஷினின் அமைப்பே அப்படி. செமி ஆட்டோமேட்டிக்கில் கணக்கு முழுக்க உங்கள் கையில். அலசும்போது குழாயைத் திறந்தே விடாமல், நிரப்பி அலசி வடித்து மறுபடி நிரப்பினால் எவ்வளவோ மிச்சமாகும்.

இனி நான் அதிகம் பார்க்கும் கோளாறுக்கு வருகிறேன். மெஷினுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஆனால் நிரம்பாது. தண்ணீரை வெளியே தள்ள பம்ப் வைத்த மெஷின் என்றால் முதலில் டிரெயின் ஹோஸைத்தான் பார்ப்பேன். அதன் முனை தரையில் கிடந்தால், பம்ப் ஓடாமலேயே டப்பில் உள்ள தண்ணீர் தானாக வெளியேறும். கேனில் டியூபை விட்டு ஒரு முறை உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானாக இறங்குமே, அதே கதைதான். மட்டம் குறைந்ததும் மெஷின் தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வை மறுபடி திறக்கும். ஒருபக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும். ஹோஸைத் தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் மாட்டினால் நின்றுவிடும். சுவர்க் குழாய்க்குள் காற்றுப் புகாதபடி இறுக்கிச் சொருகினாலும் இதே தொல்லை வரும், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பம்ப் இல்லாத டாப் லோடு மெஷின்களில் ஹோஸ் தரையோடு தாழ்ந்துதான் இருக்க வேண்டும், அதைத் தூக்கிக் கட்டாதீர்கள். அங்கே பிரச்சினை டிரெயின் வால்வில். ஒரு சட்டைப் பொத்தானோ ஹேர்பின்னோ இடையில் மாட்டினால் வால்வு முழுசாக மூடாது. எந்த வகை மெஷினாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: துவைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அதாவது வடிப்பதற்கு முன்னால், ஹோஸ் முனையில் தண்ணீர் ஒழுகக் கூடாது.

டப்பின் அடியிலிருந்து மேலே உள்ள பிரஷர் சென்சாருக்கு ஒரு டியூப் போகும். தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படும். அதை வைத்துத்தான் எவ்வளவு நிரம்பியது என்று மெஷின் தெரிந்துகொள்கிறது. சோப்புக் கசடும் நூல் பிசிறும் சேர்ந்து அந்த வழியை அடைத்தால் கணக்கு தப்பிப்போகும்: போதிய தண்ணீர் இருந்தும் இன்னும் கேட்கும். டியூபைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகக்கூடிய விஷயம் இது. சர்வீஸுக்கு வருகிறவர் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொன்னால், "முதல்ல அந்த டியூபைப் பாத்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்தக் கசடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் அள்ளிப் போடும் சோப்புத்தூளிலிருந்து. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. ஃப்ரண்ட் லோடில் அது நேர்எதிர்: நுரை மெத்தைபோல நின்று, துணி விழுந்து அடிபடுவதையே தடுக்கும். பல மாடல்களில் நுரை அதிகம் என்று தெரிந்ததும் மெஷினே கூடுதலாக ஒரு முறை அலசும். அந்தத் தண்ணீர் நம் சோப்பின் செலவு. உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் சோப்பு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும், ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

கனமான ஒரே போர்வையைத் தனியாகப் போட்டால், ஸ்பின் வரும்போது எடை ஒருபக்கம் சாயும். உடனே பல மெஷின்கள் மறுபடி தண்ணீர் நிரப்பித் துணியைக் கலைத்துப் பார்க்கும், சிலசமயம் திரும்பத் திரும்ப. கூட ரெண்டு துண்டு சேர்த்துப் போடுங்கள். அதற்காகத் திணிக்கவும் வேண்டாம். ஃப்ரண்ட் லோடில் துணிக்கு மேலே ஒரு கை நுழைய இடம் இருக்கட்டும்.

கடைசியாக, யார் கண்ணிலும் படாத ஒரு கசிவு. இரவு டப் காலியாக இருக்கும்போது மெஷினை ஆஃப் செய்துவிட்டு, குழாயை மட்டும் திறந்து வையுங்கள். காலையில் உள்ளே தண்ணீர் நின்றால் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை, மணலோ துருவோ சிக்கியிருக்கலாம். வால்வு முனையில் இருக்கும் சல்லடையை அலசுவது நல்லதுதான், ஆனால் கசியத் தொடங்கிய வால்வைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். அதுவரை, துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடுங்கள்.