பட்டா மட்டும் போதாது, ஆச்சி

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சியும் அவர் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தொண்டிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மாதிரி 60 சென்ட். கிரயமே முடிந்துவிட்டது. "ரிசார்ட்டுக்கு ஒரு ப்ளான் போட்டுக் குடுங்க தம்பி. செட்டிநாட்டு வீடு பாக்க வர்றவுக அப்படியே கடலையும் பாத்துட்டுப் போகட்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்ல" என்றார். நல்ல மனசுதான். ஆனால் இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, நிலம் எத்தனை மீட்டர் என்று கேட்டேன். மகன் பட்டாவை எடுத்து நீட்டினார்.

இதை எத்தனை முறைதான் சொல்வது! நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. வில்லங்கச் சான்றும் சொல்லாது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்பார்கள். ஆகும், பதிவுக்கும் கட்டுமான அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. பஞ்சாயத்தில் சரி என்றார்களே என்பார்கள். இது பஞ்சாயத்து மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை. பக்கத்து நிலத்தில் ஒருவர் கட்டியிருக்கிறாரே என்பார்கள். அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டா காட்டுவார்?

கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-லிருந்து இருக்கிறது. 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். கிராமத்துக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. "இப்பல்லாம் 50 மீட்டர்தான் சார்" என்று புரோக்கர்கள் சொல்வது, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களுக்கு. ஆச்சியின் நிலத்தைச் சுற்றிச் சீமைக்கருவேல்தான் அத்தனை நெருக்கமாக இருக்கிறது. சரி, 200 மீட்டரைத் தாண்டியே இருக்கட்டும். கடற்கரை ரிசார்ட்டுக்கு மனை குறைந்தது 0.4 ஹெக்டேர் வேண்டும், கிட்டத்தட்ட 99 சென்ட். அவர் வாங்கியது 60. பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டு தளம், 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கூடாது என்ற கணக்குக்கெல்லாம் போகவே இல்லை.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, போர் போட்டால் வந்துவிடும் என்று நினைப்பு. ஹோட்டலுக்குக் கணக்குப் போடும்போது படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் வைப்போம். இருபது அறை, நாற்பது படுக்கை என்றால் 7200 லிட்டர். கிராமத்துக் குடிநீர்த் திட்டத்தில் தலைக்கு 55 லிட்டர். ஆக, நூற்று முப்பது பேரின் பங்கு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கும். மோட்டார் வைத்து இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ரிசார்ட்டுக்காக 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரைத் தொடவே கூடாது என்பது இதனால்தான். குடிநீர் ஊருணியில் கால் நனைக்க விடாத ஊர்க்காரர்கள் நாம். இன்னொருத்தர் ஊர் ஊற்றுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் தோண்ட மட்டும் எப்படி மனசு வருகிறது?

இன்னொன்று, தொண்டி இருக்கும் பாக் விரிகுடா கோவளம் இல்லை. ஆழம் குறைவு, பெரிய அலை கிடையாது, கரையெல்லாம் சேறும் கடற்புல்லும். "சுத்தம் பண்ணிரலாம்ல?" என்றார் மகன். ஐயா, அந்தப் புல்தான் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, சாப்பாடு. மீனும் இறாலும் நண்டும் குஞ்சிலேயே வளர்வது அதில்தான். அதற்காகத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வெற்று மணல் மாதிரி தெரியும் கரையும் சும்மா கிடப்பதில்லை. வத்தையை (சிறு படகை) ஏற்றி வைப்பதும், வலை உலர்த்துவதும், கருவாடு காயப் போடுவதும் அங்கேதான். குறுக்கே கம்பி வேலி போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பையனுக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளுக்குப் பேர்போன கானாடுகாத்தானைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளக் கூடாதா? வேன் வருகிறது, தேக்குத் தூணைப் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். தெருக்காரருக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

உண்மையிலேயே அந்த ஊருக்குச் செய்ய வேண்டுமென்றால் அறிவிக்கையிலேயே வழி இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கலாம். வீட்டின் பரப்பும் வடிவமும் முகப்பும் மாறக் கூடாது, அவ்வளவுதான். நாலு வீட்டுக்கு நல்ல கழிப்பறையும் கட்டிலும் போட்டுக் கொடுங்கள். நண்டுக் குழம்பை அவர்களே வைக்கட்டும். எத்தனை பேர் வரலாம், எந்த மாதம் வேண்டாம் என்பதை ஊர்க்கூட்டத்தில் அவர்கள் சொல்லட்டும்.

நிலம்தான் வேண்டும் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் புல எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தைப் பாருங்கள். புரோக்கர் செல்போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை. கிரயம் முடித்துவிட்டு வந்தால் வாங்குவேன்.