மெதுவாக வீசினால் வலை விரியாது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் என் மருமகனுக்கு இப்போது இரண்டே வேலைகள். மாலையில் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் பந்தடிப்பான். மற்ற நேரமெல்லாம் மடிக்கணினியில் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' என்ற வியூக விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் ஊர் கட்டிக்கொண்டிருப்பான். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, தேநீர் ஆறும்வரை அவன் பின்னால் நின்று பார்த்தேன். அதில் ஊர் யுகம் யுகமாக வளரும்; அடுத்த யுகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆட்டம் தொடங்கி 10 நிமிடம் 5 செக்கனில் இரண்டாம் யுகத்தை எட்டினான். ஒரு பிசகில்லை.

"கை நன்றாகத் தேறிவிட்டதே, மகன்" என்றேன்.

"வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன், மாமா."

வழக்கமான வேகத்துக்கு மாற்றி மறுபடி ஆடிக் காட்டினான். 12 நிமிடம் 40 செக்கன். நடுவே இரண்டு முறை தலையில் அடித்துக்கொண்டான். மெதுவாகப் பிழையில்லாமல் பழகினால் வேகம் தானாக வரும் என்று நம்பி, ஒரு மாதமாக அப்படியே பழகுகிறானாம். வேகம் மட்டும் வந்தபாடில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிமிடக் கணக்கு நம் கைக்கடிகாரத்தின் கணக்கு அல்ல. ஆட்டத்துக்கு உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தால் அதுவும் சேர்ந்தே மெதுவாகிறது. ஆகவே அவன் இரண்டு முறையும் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்திருந்தால் இரண்டு தடவையும் 10:05 என்றுதான் காட்டியிருக்கும். இடையில் விழுந்த இரண்டரை நிமிடம் கணினியுடையது அல்ல, அவனுடையது.

மெதுவாகத் தொடங்கு என்ற அறிவுரை நமக்குப் புதிதல்ல. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மதிலோரமாக நடந்து போனால் யாராவது ஒருவர் சரளி வரிசை பாடிக்கொண்டிருப்பது காதில் விழலாம். முதற்காலம், அதன் இருமடங்கில் இரண்டாம் காலம், நான்கு மடங்கில் மூன்றாம் காலம். முதற்காலத்தில் சுரம் நழுவுகிறவரை ஆசிரியர் அடுத்த காலத்துக்கு விடமாட்டார். வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் வடமோடிக் கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரும் அப்படித்தான். தாளக்கட்டை வாயால் சொல்லி, காலை ஆற அமர மிதிக்கவைத்து, அது உடம்பில் ஊறிய பிறகே மத்தளத்தை விரட்டுவார். ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கும் 'சட்டம் கொடுப்பதிலிருந்து' அரங்கேற்றம்வரை மாதக்கணக்கில் ஆகும். யாரும் அவசரப்படுவதில்லை.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை நல்ல விடை தருகிறது. 1899இல் அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் வுட்வர்த், தாளக்கருவியின் தட்டுக்கு ஏற்பப் பென்சிலால் குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு இழுக்கச் சொன்னார். சிலமுறை கண்ணைத் திறந்துகொண்டு, சிலமுறை மூடிக்கொண்டு. கண்ணை மூடியபோது, தட்டு வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும் பிழை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கண் திறந்திருந்தபோது மட்டும், தட்டு மெதுவாக மெதுவாகப் பிழை குறைந்தது. ஆக, மெதுவாகச் செய்வதால் மட்டும் கை திருந்திவிடுவதில்லை. நடுவழியில் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில்தான் லாபம் இருக்கிறது.

ஒரு திறனைப் புதிதாகக் கற்பவருக்கு ஒவ்வொரு அடியும் யோசனையாகவே இருக்கும். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று மனம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழகப் பழக அடிகள் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் யோசனை விலகிவிடும். போல் பிட்ஸும் மைக்கல் போஸ்னரும் 1967இல் இதை மூன்று கட்டங்களாக வகுத்தார்கள். முதற்கட்டத்தில் இருப்பவருக்கு வேகக் குறைப்பு பெரிய உதவி. மருமகனுக்கும் உதவியிருக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை பேர், எப்போது வீடு கட்டுவது, எப்போது யுகம் மாறுவது என்ற ஒழுங்கு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த மாதத்தை வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் மெதுவாக்க முடியாது. கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் தாளத்தை எவ்வளவு இழுத்தாலும், துள்ளும் அடி மட்டும் இழுபடாது. 20 சென்ரிமீற்றர் உயரம் துள்ளுகிறவர் ஏறி இறங்க ஏறக்குறைய 0.4 செக்கன் ஆகும். அதை முடிவு செய்வது புவியீர்ப்பு. தாளம் பாதியாகிவிட்டதே என்று அவர் அந்தரத்தில் காத்திருக்க முடியாது. மெதுவான தாளத்தில் துள்ளலுக்கும் அடுத்த மிதிப்புக்கும் நடுவே ஒரு வெறுமை வரும். வேகம் கூடும்போது அது மறைந்துபோகும். அப்போது இறங்குகிற காலே அடுத்த அடிக்கு உந்துகிற காலாக வேண்டும். மெதுவில் பழகிய துள்ளல் வேறு, வேகத்தில் தேவைப்படும் துள்ளல் வேறு.

வீச்சு வலைக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுகிறவரைப் பாருங்கள். வலையின் ஒரு பகுதி தோளில், ஒரு பகுதி கையில், ஓரமெல்லாம் ஈயக்குண்டுகள். இடுப்பைத் திருப்பி அவர் விடும் அந்தச் சுழற்சியில் குண்டுகள் வெளிநோக்கி ஓடுகின்றன. ஓடுகிற குண்டுகள்தான் வலையை வட்டமாக இழுத்து விரிக்கின்றன. மெதுவாக வீசினால் குண்டுகள் விரியுமுன் விழுந்துவிடும். நீரில் விழுவது வலையல்ல, ஒரு பொட்டலம். மெதுவாக வலை வீசுவது என்று ஒரு செயலே கிடையாது.

அப்படியானால் எப்படிப் பழக்குகிறார்கள்? எனக்குப் பழக்கிய பெரியப்பா முதலில் தந்தது பழைய சின்ன வலை ஒன்று. தண்ணீரில் அல்ல, முற்றத்து மணலில். வீச்சின் வேகம் முழு வேகம்தான். குறைந்தது பாரம், குறைந்தது கவனிக்க வேண்டியவை: அலை இல்லை, மீன் இல்லை, காலுக்கடியில் சேறு இல்லை.

மருமகனின் ஆட்டம் கூத்தடியா, வலைவீச்சா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த விளையாட்டில் நகர மையம் ஒரு வேலையாளை உருவாக்க, ஆட்டக் கடிகாரத்தில் 25 செக்கன் எடுக்கும். தொடக்கத்தில் அது ஓயாமல் ஆளை உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா கிடந்த ஒவ்வொரு செக்கனும் பின்னால் வட்டியோடு திரும்பி வரும். ஆகக் குறைந்த வேகத்தில் ஆட்டக் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றே. அந்த 25 செக்கனும் நமக்கு 25 செக்கன்தான். இணையத்தில் எதிராளியோடு ஆடும் வழக்கமான வேகம் அதைப்போல் 1.7 மடங்கு. அதில் அதே 25 செக்கன் நமக்கு 15 செக்கனுக்குள் தீர்ந்துவிடும்.

இப்போது மனிதப் பக்கம். ஓர் இடத்துக்குப் பார்வையைத் திருப்பி, அங்கே என்ன நடக்கிறது என்று பிடிபட்டு, ஒரு கட்டளை கொடுத்து விலக மூன்று செக்கன் என்று வைத்துக்கொள்வோம். மெதுவான ஆட்டத்தில் ஓர் ஆள் உருவாகும் இடைவெளிக்குள் எட்டு இடங்களுக்குப் போய்வரலாம். வழக்கமான வேகத்தில் ஐந்து இடங்களுக்குக்கூடப் போதாது. ஆடுகளை இழுத்துவர வேண்டும், காட்டுப்பன்றியை வேட்டைக்காரரிடம் ஓட்டிவர வேண்டும், வீடு கட்ட வேண்டும், சாரணக் குதிரையை நகர்த்த வேண்டும், மரம் வெட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும், அடுத்த ஆளுக்குக் கட்டளையிட வேண்டும். ஆறு வேலை. மெதுவில் ஆறும் நடக்கும். வேகத்தில் ஒன்றிரண்டு கட்டாயம் விடுபடும். எதை விடுவது, எது பத்து செக்கன் பொறுக்கும், எது பொறுக்காது என்ற கேள்வி வேகத்தில்தான் பிறக்கிறது. முறை வைத்து ஆடாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் இத்தகைய நிகழ்நேர வியூக விளையாட்டில் உண்மையான வியூகமே அதுதான் என்பது என் எண்ணம். குதிரைப்படைக்கு எதிராக ஈட்டிக்காரரை அனுப்பு என்பதெல்லாம் ஒரு நாளில் மனப்பாடமாகிவிடும்.

ஆகவே ஒரு மாதமாக அவன் அந்தக் கேள்வியைச் சந்திக்கவே இல்லை. அதைவிட மோசமாக, வேறொன்றைப் பழகியிருக்கிறான். காட்டுப்பன்றியை ஓட்டிவரும்போது அவன் கண்ணைக் கவனித்தேன். பன்றி வந்து, அம்பு பட்டு, விழுந்து, அறுக்கத் தொடங்கும்வரை பார்வை அங்கேயே கிடந்தது. மெதுவான ஆட்டத்தில் அதற்கு நேரம் இருந்தது. வேகம் கூட்டியபோதும் கண் அதே பழக்கத்தில் பன்றியோடு தங்கிவிட்டது; மேலே நகர மையம் வேலையின்றிக் கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டது அப்போதுதான்.

இந்தப் பார்வைத் தாவலை அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், இதே வகை விளையாட்டான 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆடும் 3,360 பேரின் ஆட்டப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொடக்கநிலையிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்வரை ஏழு படிகள். திரையை ஓரிடத்துக்கு நகர்த்தியதிலிருந்து அங்கே முதற் கட்டளை கொடுக்கும்வரை ஆகும் நேரம், தேர்ந்தவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் அளவுகளில் முக்கியமான ஒன்றாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஒரு படியில் ஆளிலிருந்து ஆளைப் பிரித்துக்காட்டும் அளவு, இன்னொரு படியில் அவ்வளவாகப் பேசாது. தொடக்கக்காரனுக்குத் தேவையான பயிற்சியும் நடுநிலையில் நிற்பவனுக்குத் தேவையான பயிற்சியும் ஒன்றல்ல.

சதுரங்கம் ஆடுகிறவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடலாம், குறுக்கிடுவதில் நியாயமும் உண்டு. புரூஸ் பேர்ன்ஸ் என்ற உளவியலாளர் 2004இல், ஆட்டம் முழுதும் சில நிமிடங்களில் முடியும் மின்னல் சதுரங்கத்தை ஆராய்ந்தார். ஆட்டக்காரர்களின் ஒட்டுமொத்தத் திறன் வேறுபாட்டில் 81 சதவீதம்வரை மின்னல் ஆட்டத் திறனோடு பொருந்திப்போனது. நிதானமாக ஆடிச் சேர்த்த அறிவு அவசரத்திலும் பெரும்பாலும் கைகொடுக்கிறது என்றே இதைப் படிக்கலாம். நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் சதுரங்கப் பலகை காத்திருக்கும். நீங்கள் அரசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுமூலையில் யானை தானாக நகர்ந்துவிடாது. அங்கே வேகம் என்பது ஒரே இடத்தை விரைவாக அடையாளம் காண்பது. இங்கே வேகம் என்பது ஐந்து இடத்துக்கும் ஒரு கண்ணைப் பங்கிடுவது. முதலாவது மெதுவாகப் பழகினாலும் வளரும். இரண்டாவதுக்கு நெருக்கடி வேண்டும்.

நெருக்கடியை வைத்துக்கொண்டே பாரத்தைக் குறைப்பது எப்படி? பெரியப்பாவின் சின்ன வலைக்கு ஆய்வுக்கூடத்தில் ஓர் உறவினர் இருக்கிறது. 1980களில் இலினோய் பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ் போர்ட்ரஸ்' என்ற விளையாட்டை ஆராய்ச்சிக்கென்றே உருவாக்கினார்கள். கோட்டையைச் சுட வேண்டும், கப்பலை ஓட்ட வேண்டும், கண்ணிவெடிகளைக் கவனிக்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். டானியல் கோபரும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டம் முழுமையாகவே ஓடியது. பயிற்சி பெறுபவரிடம் மட்டும், இந்தச் சுற்றில் கப்பலை ஓட்டுவதற்கு முதலிடம் கொடு, அடுத்த சுற்றில் கண்ணிவெடிக்கு முதலிடம் கொடு என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சும்மா ஆடிப் பழகியவர்களை இவர்கள் முந்தினார்கள். அதே விளையாட்டில் சுமார் 10 மணிநேரம் பயிற்சி பெற்ற இஸ்ரேலிய விமானப்படைப் பயிலுநர்கள் உண்மையான பறப்பிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததாக 1994இல் இன்னொரு ஆய்வு வந்தது.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. எக்ஸ்-15 ரொக்கெட் விமானத்தை ஓட்டிய விமானிகள், தரையில் இருந்தபடியே பறப்பைப் பழக உதவும் பாவனைக்கருவியைவிட உண்மைப் பறப்பு விரைவாக ஓடிமுடிவதாக உணர்ந்தார்கள். அதனால் 1970களில் நாசா, பாவனைக்கருவியின் காலத்தை உண்மையைவிட வேகமாக ஓட்டிப் பழக்கிப் பார்த்தது. வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. இந்த விளையாட்டில் எல்லாருடைய கணினியும் ஒரே கணக்கை ஒத்திசைந்து போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒருவருடைய கணினி திணறினால் அத்தனை பேருடைய ஆட்டமும் மெதுவாகும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஆடும்போது, ஆகப் பழைய கணினி வைத்திருப்பவனே எல்லாருக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறான். படை பெருகும் நேரத்தில்தான் கணினி அதிகம் திணறும். ஆக, மிகவும் நெருக்கடியான கட்டத்தை இவர்கள் அதே வேகத்தில் பழகியதே இல்லை. புதுக் கணினி வாங்கித் தாருங்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் மருமகனுக்குக் கிடைக்காது. அக்காவிடம் நான் சொல்லப்போவதில்லை.

அவனுக்கு ஒன்று மட்டும் சொன்னேன். வேகத்தை 1.7இலேயே விட்டுவிடு. எதிராளியை ஆக இலகுவானதாக வை. இந்த ஆட்டத்தில் உனக்கு ஒரே கடமை, நகர மையம் ஒரு செக்கன்கூடச் சும்மா இருக்கக் கூடாது. மற்றவை எப்படிக் கெட்டாலும் கெடட்டும்.

"பன்றி, மாமா?"

"கட்டளை கொடுத்துவிட்டுக் கண்ணை எடு."

ஆடினான். பன்றி ஒரு வேலையாளைக் குத்திக் கொன்றது. ஆடுகள் இரண்டு எங்கேயோ மேய்ந்துகொண்டே இருந்தன. மரம் போதாமல் வீடு தாமதித்தது. வீடு போதாமல் புது ஆள் உருவாகாது என்பதால் நகர மையமும் ஒருமுறை நின்றது. வீட்டையும் அதே கடமைக்குள் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவனே கண்டுகொண்டான். இரண்டாம் யுகத்தை 12 நிமிடம் 10 செக்கனில் எட்டினான். "ஒரு ஆளைப் பலிகொடுத்தும் முப்பது செக்கன் மிச்சம், மாமா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான். தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.